ஜே ஏழின் கடைசிக் கட்டை

மவுண்ட் ரோட்டில் ரோஸ்மேரி ரெஸ்டாரண்ட் என்று ஒன்று இருந்ததே, அதன் பாட்டுப் பெட்டிக்குள் நாலணாவைப் போட்டுவிட்டு, அது எப்போது வாயைத் திறக்கும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மிருதங்க வித்துவான் ஈரேழு பதினாலு லோகத்திலும் சிங்காரம் பிள்ளை ஒருத்தர்தான். வைரக் கடுக்கன், மயில்கண் வேட்டி, ஜவ்வாது வாசனை, எதிரே கிண்ணத்தில் உருகிக் கூழாகிக்கொண்டிருக்கும் ஐஸ்கிரீம். ஐஸ்கிரீம் சும்மா பேருக்கு. ஒன்றும் வாங்காமல் உட்கார்ந்தால் சர்வர் பக்கத்தில் வந்து இருமுவான், இருமுகிறான் என்பதே அவன் தோள் குலுங்குவதைப் பார்த்துத்தான் தெரிகிறது, சே, அப்படியில்லை, இருமல் நன்றாகக் கேட்கிறது, இருமல் கனத்த சத்தம், கனத்த சத்தமெல்லாம் கேட்கத்தான் செய்கிறது, பஸ் கேட்கிறது, மாடி வீட்டில் ஆட்டுக்கல் சுற்றுவது கேட்கிறது, மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் இடது கை விழுந்தால் கிணற்றில் பாறை விழுந்த மாதிரி அடிவயிறுவரை கேட்கிறது. ஒருகாலத்தில் அந்த இடது கைக்குக் கும்பகோணத்து மண்டபத்தில் காரை பெயர்ந்து விழுந்ததாகச் சொல்வார்கள். விழுந்ததைப் பார்த்தவர் யாருமில்லை, சொன்னவர்கள் ஊர் முழுக்க. அந்தக் கை இன்னும் இருக்கிறது. கையைப் பற்றி யார் பேசினார்கள்? சாயங்காலம் செண்பகவல்லி அம்மாள் கச்சேரி. அம்மாள் தாவணி கட்டிய நாளிலிருந்து பிள்ளைதான் பக்கவாத்தியம். இன்றைக்கு மேடையில் ஒரு புதுப் பல்லவி எடுக்கப் போகிறாராம், ஒத்திகை கிடையாதாம், என்ன தாளம் என்றுகூடச் சொல்ல மாட்டாராம், வாய்க்குள் ஒருதரம் முணுமுணுப்பார், அந்த முணுமுணுப்பிலிருந்து, தாளத்தில் எங்கே ஆரம்பிக்கிறார் என்ற எடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்தால் சபாஷ். நழுவினால் முன்வரிசையில் தொடைமேல் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் அந்தரத்தில் நிற்கும், அந்த நிற்றலை நினைத்தாலே அவருக்குக் காது மடல் சுடுகிறது. அதனால்தான் பிள்ளை தமக்குத் தாமே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பெட்டியில் ஜே ஏழு பாட வேண்டும். அதில் பியானோவின் கடைசிக் கட்டையின் ஓசை தம் காதில் விழ வேண்டும். விழுந்தால் கச்சேரி. விழாவிட்டால் காய்ச்சல். காய்ச்சல் என்று ஒருதரம் சொன்னால் போதும், அந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்காரத் மீசைகூட அரும்பாத ஆட்கள் தயார், அப்புறம் அந்த ஜமுக்காளத்தில் அந்த இடம் பிள்ளைக்குத் திரும்பி வராது.

ஜே ஏழு என்பது பொத்தானின் பேர். பாட்டின் பேர் ஏதோ இங்கிலீஷில், பிள்ளைக்கு அது வாயில் நுழையவில்லை. அமெரிக்காவில் எவனோ பியானோவில் வாசித்தது, பூகி வூகி என்று இந்த வகைக்குப் பெயராம், சுட்ட தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த சத்தத்துக்கு யாரோ நாமகரணம் பண்ணிய மாதிரி. காலேஜ் பையன்கள் அந்தப் பாட்டுக்காக உயிரை விட்டார்கள். ஒரு பையன் பரீட்சைப் பணத்தை முழுக்க இந்தப் பெட்டிக்கே கட்டிவிட்டு அதே பெட்டிமேல் தலைவைத்து அழுதானாம், அழுகிறபோதும் கால் தாளம் போட்டதாம். பிள்ளை முதன்முதலில் இங்கே நுழைந்தது மழைக்கு ஒதுங்கி. வேட்டியைப் பிழிந்துகொண்டு வாசலில் நின்றவரை அந்தப் பியானோக்காரனின் இடது கை இழுத்து உள்ளே உட்கார வைத்தது. எட்டெட்டாக உருட்டிக்கொண்டே போகிறான், எட்டு அட்சரம், அட, நம்ம ஆதி தாளம்தான், கால்சராய் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது! இடது கை செக்கு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கிறது, வலது கை திருவிழாக் கூட்டத்தில் அம்மா கையை விட்ட குழந்தை மாதிரி கண்ட பக்கம் ஓடுகிறது, பன்னிரண்டு ஆவர்த்தனத்துக்கு ஒருதரம் மூச்சிரைக்க ஓடிவந்து மடியில் விழுகிறது. யாருடா நீ, எந்த குருகுலத்தில் படித்தாய் என்று பிள்ளை வாய்விட்டே கேட்டுவிட்டார் அன்றைக்கு. பாட்டு முடியப் போகும் சமயம், அந்த ஆள் சட்டென்று இரண்டு கையையும் தூக்கிவிட்டான். ஒன்றுமே இல்லை. மழைச் சத்தம்கூட நின்றது என்று பிள்ளை இன்றைக்கும் சத்தியம் பண்ணுவார். பிறகு பியானோவின் ஓரத்தில், அதற்கு அப்பால் மரம்தான் என்கிற இடத்தில், கடைசிக் கட்டையை மூன்று தரம் தொட்டான். க்ளிங், க்ளிங், க்ளிங். ஊசி முனையில் நின்று மூக்குத்தி சிரித்த மாதிரி. அப்புறம் இடது கை தடாலென்று இறங்கிச் செக்கு மறுபடி சுற்ற ஆரம்பித்தது. பிள்ளை அன்று வீட்டுக்குப் போய் மனைவி குஞ்சம்மாளிடம் சொன்னார், "அடியே, இன்னிக்கு ஒருத்தன் மௌனத்துக்குக் கடுக்கன் போட்டான்." அவள், "மழையில நனைஞ்சீங்களா, தலையத் துவட்டுங்க" என்றாள். குஞ்சம்மாள்தான் பிறகு ஒருநாள் சொன்னது, ராத்திரி முழுக்க இந்தச் சுவர்க்கோழி கத்துது, தூங்க விடமாட்டேங்குது, அலமாரிக்குப் பின்னால பாருங்க என்று. எந்தச் சுவர்க்கோழி? வீடு துடைத்து வைத்த மாதிரி நிசப்தமாக இருக்கிறது. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கேட்காத பூச்சியைத் தேடுகிற மாதிரி பாவனை பண்ணி, அலமாரிக்குப் பின்னால் இரண்டு குத்துக் குத்தி, "போயிடுச்சு" என்றார். "எங்கே போச்சு, இன்னும் கத்துதே" என்றாள். அன்றைக்குப் படுத்தவருக்கு விடியவிடிய, கேட்காத அந்தச் சத்தம்தான் தூக்கத்தைக் கெடுத்தது. அடுத்த கச்சேரியில் தம்புரா. தம்புராவின் நாதம் இருக்கிறது, அதன் மேலே மினுங்குமே ஒரு ரீங்காரம், பாலின்மேல் ஆடை மாதிரி, அது இல்லை. யாரோ வழித்துத் தின்றுவிட்டார்கள். அம்மாளின் பாட்டில் சகாரங்கள் காணாமல் போயின, வார்த்தைகள் பல் விழுந்த வாயோடு வந்தன. பிள்ளை அவர் உதட்டைப் பார்த்து வாசிக்கக் கற்றுக்கொண்டார், கழுத்து நரம்பைப் பார்த்து வாசித்தார், சந்தேகம் வந்த இடங்களில் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மகான் மாதிரிக் கண்ணை மூடினார். வேடிக்கை என்னவென்றால் பத்திரிகைக்காரர்கள் அதைத்தான் கொண்டாடினார்கள். சிங்காரம் பிள்ளை வாசிக்காமல் இருப்பதே ஒரு வாசிப்பு என்று எழுதினான் ஒருத்தன். முதிர்ச்சி என்றான் இன்னொருத்தன். பயந்தவன் கையை மடியில் வைத்தால் முதிர்ச்சி, அப்படியானால் முயல்குட்டிக்குத்தான் முதலில் பட்டம் கொடுக்க வேண்டும். அதிலிருந்து வாரம் தவறாமல் இங்கே வந்து ஜே ஏழைப் போட்டுப் பார்க்கிறார். ஒருவாரம் கடைசிக் கட்டை மூன்றும் விழும், ஆனால் பக்கத்துத் தெருவிலிருந்து விழும். ஒருவாரம் இரண்டு விழும். போன வாரம் விழவில்லை, அல்லது விழுந்தது, அல்லது விழுந்த ஞாபகம் விழுந்தது. ஆனால் ரெக்கார்டு தேய்ந்துவிட்டதே! ஊசி உழுது உழுது, அந்தப் பையன்கள் நாள் முழுக்க அதையே போட்டுத் தள்ளினால் மெல்லிய சத்தம்தானே முதலில் தேயும்? காது தேய்ந்ததா, தட்டு தேய்ந்ததா, யாரைக் கேட்பது? பக்கத்து மேசைக்காரனிடம் "ஐயா, உமக்கு அது கேட்டதா" என்று கேட்டால், "ஏன், உமக்குக் கேட்கவில்லையா" என்பான். அந்தப் பதில் கேள்வி மட்டும் நன்றாகக் காதில் விழும்.

சர்வர் குனிந்து கிண்ணத்தைப் பார்த்தான். "சாப்பிடலையா சார்? ஜே செவன்தானே போட்டீங்க? இன்னிக்குச் சூப்பரா இருக்கும் சார். பழைய தட்டு தேஞ்சு போச்சுன்னு எல்லாரும் சத்தம் போட்டாங்க, காலையிலதான் புதுசு மாத்தினாங்க." தேய்ந்து போச்சு! எல்லாரும்! பிள்ளைக்கு எழுந்து அந்த சர்வரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, பார்த்தாயா, தட்டுதான், ஊரே சொல்லியிருக்கிறது, என் காதுக்கு ஒரு குறைச்சலும் இல்லை, குஞ்சம்மாளுக்கு ஒரு பட்டுப் புடவை, இல்லை, முதலில் அந்தச் சுவர்க்கோழியைப் பிடித்துத் தங்கக் கூண்டில் வைக்க வேண்டும். இந்தச் சந்தோஷம் ஒரு வாய் ஐஸ்கிரீம் தொண்டையில் இறங்கும்வரை இருந்தது. இறங்கின இடத்தில் ஜில்லிட்டது. புதுத் தட்டு. அப்படியென்றால் இன்றைக்கு மூன்று க்ளிங்கும் அந்தப் பெட்டிக்குள் முழுசாக, சொத்தையில்லாமல் இருக்கின்றன. கேட்காவிட்டால் சாக்குச் சொல்ல ஒரு கீறல்கூட இல்லை. எதற்காக மாற்றினான் பாவி! தேய்ந்தது தேய்ந்தபடியே இருந்தால் இன்னும் ஒரு வருஷம் சந்தேகத்தில் காலம் தள்ளியிருக்கலாம், சந்தேகம் எவ்வளவு சௌகரியமான மெத்தை. போட்ட நாலணாவைத் திரும்ப எடுக்க முடியுமா? பெட்டி விழுங்கினது விழுங்கினதுதான். எழுந்து போய்விடலாம், கேட்பதற்குமுன் வாசலைத் தாண்டிவிட்டால் கேட்கவில்லை என்று ஆகாது, நான் இல்லை என்றுதான் ஆகும். பெட்டிக்குள் கண்ணாடிக்குப் பின்னால் தட்டு எடுக்கும் இரும்புக் கை ஒவ்வொரு தட்டாகத் தடவிக்கொண்டு நகர்ந்தது. யார் முதலில் காசு போட்டார்கள் என்றெல்லாம் அது பார்க்காது, வரிசையாக அடுக்கியிருக்கிற தட்டுகளை ஒரு கோடியிலிருந்து பார்த்துக்கொண்டே வரும், எதற்குக் காசு விழுந்திருக்கிறதோ அதை எடுத்துப் போடும், ஜே ஏழு கடைசிக் கோடியில். எமன்கூட இப்படித்தானோ, வயசுக் கிரமமெல்லாம் கிடையாது, அலமாரிக் கிரமம். இப்போது யாரோ ஒருத்தி அழுதுகொண்டு பாடுகிறாள். அடுத்தது ஒருவேளை அதுவாக இருக்கும். பிள்ளை வேட்டியைச் சரிசெய்து எழுந்தார். எழுந்தவரின் தோளைப் பிடித்து உட்கார்த்தியது ஒரு கை. ரோஜாப்பூ அத்தர், வெற்றிலை, பிடில் பட்டாபிராமன். அம்மாளின் வலப்பக்கம் பிள்ளை என்றால் இடப்பக்கம் பட்டாபி, இரண்டு தூண். "என்ன ஓய் பிள்ளைவாள்! அம்மா கார் அனுப்பிச்சிருக்கா, உம்ம ஆத்துல போய்க் கேட்டா கோயிலுக்குப் போயிருக்கார்ங்கறா உம்ம பார்யாள். இந்தப் பக்கமா வந்தா கண்ணாடிக்குள்ள உக்காந்திருக்கீர், இதுதான் உம்ம கோயிலா? எந்த சுவாமி ஓய், அந்தப் பெட்டியா?" ரெஸ்டாரண்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பட்டாபிக்கு எப்போதும் மைதானத்துக் குரல், ரகசியம் சொன்னால் ராயப்பேட்டையில் கேட்கும். "வாங்க சாமி, புழுக்கமா இருந்தது, ஒரு ஐஸ்கிரீம்..." என்றார் பிள்ளை. "சாப்பிடும், சாப்பிடும். தொண்டை கட்டினா என்ன, நீர் தொண்டையாலயா வாசிக்கப் போறீர்? சர்வர், எனக்கு ஒரு காபி, கிட்ட முட்டை கிட்டை வராம பாத்துக்கோ. டிரைவர் மாசிலாமணி கார்லயே இருக்கான், இன்னும் நாழி இருக்கு. கேளும், இன்னிக்குப் பல்லவி என்னவாம் தெரியுமோ? எனக்கும் தெரியாது! கேட்டேன், சிரிக்கறா. மகாராணி. இந்த வயசுல நமக்குப் பரீட்சை வைக்கறா ஓய்." பரீட்சை என்ற சொல் மேசைமேல் விழுந்து பிள்ளையின் முழங்கை அருகே உட்கார்ந்தது. பட்டாபி நிறுத்தவில்லை, சபா செக்ரட்டரி, வெற்றிலை விலை, பெண்ணுக்கு வந்த வரன், அந்த வரனின் மூக்கு. பட்டாபி பேச ஆரம்பித்தால் எதிராளி தலையாட்டுவதோடு சரி, அவர் யாரையும் பேச விடுகிறதே இல்லை. வாயை மூடும் சாமி, வாயை மூடும், வரப் போகிறது. அழுதவள் முடித்துவிட்டாள். கை நகர்ந்தது. தாண்டியது. இன்னும் தாண்டியது. கோடியில் நின்றது. ஒரு தட்டைப் பிடித்துத் தூக்கி நிறுத்தியது, புதுசு, விளிம்பில் பெட்டியின் சிவப்பு வெளிச்சம் ஈரம் மாதிரி ஓடியது.

பியானோவில் இடது கை இறங்கியது. அடிவயிற்றில் கிணற்றுப் பாறை, இதெல்லாம் கேட்கிறது, இதைக் கேட்க ஒரு வித்துவான் எதற்கு, இதைச் சுவரே கேட்கும். எட்டு. எட்டு. வலது கை கிளம்பிவிட்டது, அதன் மேல்ஸ்தாயி ஓட்டம் கொஞ்சம் கம்பளிக்குள்ளிருந்து வருகிறது, பரவாயில்லை, போகட்டும், வருகிறது அல்லவா. முதல் சுற்று மடியில் விழுந்தது. காலேஜ் பையன்கள் மேசையைத் தட்டுகிறார்கள், கழுதைகளா, தட்டாதீர்கள், ஒன்றரை அட்சரம் தள்ளித் தட்டுகிறீர்கள். இரண்டாம் சுற்று. "அந்த மூக்கு இருக்கே ஓய்" என்கிறார் பட்டாபி. பிள்ளையின் விரல்கள் மேசைக்கு அடியில் தொடைமேல் ஓடுகின்றன, அவர் ஓடச் சொல்லவில்லை, கைக்கு ஒரு கவலையும் இல்லை, கைக்கு வயசு இருபத்தைந்து, காதுக்குத்தான் எழுபது, ஒரே உடம்பில் இப்படி ஆளுக்கொரு ஜாதகம். அப்பா கடைசிக் காலத்தில் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார், யாராவது கூப்பிட்டால் திரும்ப மாட்டார், ஞானியாகிவிட்டார் என்று ஊரார் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள், ஐயோ அப்பா, உமக்கும் இதுதானா, நாங்கள் கும்பிட்டது உம் செவிட்டையா? எதிர் மேசையில் மஞ்சள் கவுன் போட்ட சட்டைக்காரப் பெண் ஒருத்தி, ஆங்கிலோ இந்தியக்காரி, பக்கத்துக் கடை டைப்பிஸ்ட், டீ வேளையில் தினம் வருகிறவள், கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இந்தப் பாட்டு மனப்பாடம் போலிருக்கிறது. மூன்றாம் சுற்று. இன்னும் ஒன்று. செக்கு வேகமெடுக்கிறது. இப்போது எழுந்து ஓடலாம். இப்போதுகூட. பட்டாபியின் உதடு ஆடுகிறது, பிள்ளை கேட்பதை நிறுத்தி, உடம்பில் இருக்கிற அத்தனையையும், வைரக் கடுக்கனையும்கூட, காதுக்கு அனுப்பினார். வருகிறான். தூக்கப் போகிறான். தூக்கினான். இரண்டு கையும் அந்தரத்தில். ஒன்றுமே இல்லை. மஞ்சள் கவுன் பெண்ணின் சுண்டுவிரல் எழுந்தது. காற்றில், இல்லாத ஒரு கட்டையின் ஓரத்தில், அழகாக, செல்லமாக, மூன்று தரம் தொட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. அவள் சிரித்தாள். ஒன்றுமே இல்லை. இடது கை தடாலென்று இறங்கியது. பையன்கள் ஹோவென்று கத்தினார்கள். அந்த விரல் தொட்ட இடத்தில் காற்று பஞ்சு மாதிரி மூடிக்கொண்டது, பிள்ளை அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே போய்த் தடவிப் பார்த்தால் விரலில் ஏதாவது ஒட்டும் போல. ஆக, காய்ச்சல். என்ன காய்ச்சல், மலேரியாவா, டைபாய்டா, வித்துவானுக்கு எது பொருத்தம்? குஞ்சம்மாளிடம் எப்படிச் சொல்வது? சொல்ல வேண்டாம், அவளுக்கு முன்னமே தெரிந்திருக்கும், அன்றைக்கு "இன்னும் கத்துதே" என்றபோது விளக்குமாற்றைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள்.

பட்டாபி பேச்சை நிறுத்தியிருந்தார். அது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. "என்ன ஓய், முகம் இப்படி வெளுத்துப் போச்சு? ஐஸ்கிரீம் ஒத்துக்கலையா?" பிள்ளை அவரைப் பார்த்தார். சொல்லிவிட வேண்டியதுதான், காய்ச்சல் என்று பொய் சொல்ல வாயைத் திறந்தார், வாய் வேறொன்றைக் கேட்டுவிட்டது. "சாமி, இப்ப, ரெண்டு கையும் எடுத்தானே, அந்த இடத்துல மேல ஒண்ணு கேட்டுதா உங்களுக்கு? மூணு தரம்?" பட்டாபி புருவத்தை உயர்த்தினார். "எங்கே?" "இதோ, இப்பத்தான்." "அங்கேதான் ஒண்ணும் இல்லையே ஓய். நிறுத்தினான், அப்புறம் திரும்ப எடுத்தான். நல்ல இடம். அந்த மாதிரி ஒரு இடம் விட நமக்கெல்லாம் தைரியம் வராது." வெற்றிலைச் சிவப்பு உதடுகளில் கள்ளமே இல்லை. பிள்ளை மஞ்சள் கவுன் பெண்ணைப் பார்த்தார், திரும்பப் பட்டாபியைப் பார்த்தார், நாற்பது வருஷமாகப் பிடில் சாய்ந்து சாய்ந்து சரிந்த அந்த இடது தோளை, அதற்கு மேலே இருந்த காதை. "சாமி" என்றார் மெதுவாக, "அங்கே ஒண்ணு இருக்கு. எனக்கும் கேக்கலே. எனக்குக் காது போயிடுச்சு சாமி." பெட்டி உருட்டிக்கொண்டிருந்தது. பட்டாபி காபியைப் பார்த்தார். ஆடை படிந்திருந்தது. அந்த மைதானத்துக் குரலை எங்கேயோ வைத்துவிட்டு வந்தவர் மாதிரி, "எப்பலேர்ந்து?" என்றார். அதைப் பிள்ளை உதட்டில் படித்தார். "ரெண்டு வருஷம் இருக்கும். உங்களுக்கு?" பட்டாபி இடது காதைத் தொட்டுக் காட்டினார். அப்புறம், "இந்தப் பக்கம் சுத்தமா இல்லை ஓய். அந்தப் பக்கம் அரைகுறை. பேசிண்டே இருந்தா யாரும் கேள்வி கேக்க மாட்டா பாரும்." பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதி வழியில் திகைத்து நின்றது. "அப்போ, மேடையில நான் கல்லும் மரப் புள்ளும் வெச்சுத் தட்டி மிருதங்கத்து வலந்தலைக்குச் சுருதி சேர்க்கறேனே, நீங்க என்னைப் பாத்துத் தலையாட்டுவீங்களே?" "ஆமாம்." "நீங்க தலையாட்டினாத்தான் நான் கல்லைக் கீழே வெப்பேன் சாமி." பட்டாபி அவரை நிமிர்ந்து பார்த்தார். "நீர் கல்லைக் கீழே வெக்கப் போறீர்னு தெரிஞ்சாத்தானே ஓய் நான் தலையாட்டறேன்." ஜே ஏழு முடிந்தது. பெட்டி அந்தத் தட்டைப் பத்திரமாகக் கொண்டுபோய் அதன் இடத்தில் சொருகியது. "போன மாசம் சுருதி ஈஷிண்டு நின்னுதுன்னாங்களே," என்றார் பிள்ளை, ஒரு கடைசிக் கொம்பைப் பிடிக்கிறவர் மாதிரி. "யார் சொன்னா?" "நீங்கதான் சொன்னீங்க." பட்டாபி காபியின்மேல் படிந்த ஆடையை விரலால் ஒதுக்கினார். பிள்ளை மேலும் கணக்குப் போட்டார், நான் காய்ச்சல் என்று படுத்தால் இன்றைக்கு அந்த இடத்தில் கூர்மையான இரண்டு காதோடு ஒரு வாலிபன் உட்காருவான், முதல் தட்டிலேயே பட்டாபியைக் கண்டுபிடித்துவிடுவான், அவர் பெண்ணுக்கு வரன் வந்திருக்கிற நேரம். இரண்டு பேருக்குமே காய்ச்சல் என்றால் அம்மாள் தனியாக, அந்தப் புதுப் பல்லவியோடு. அவருக்கு எதுவும் தெரியாதா? தெரிந்துதான் ஒத்திகை இல்லை என்கிறாரா? சிரிக்கிறார் என்றாரே பட்டாபி, என்ன சிரிப்பு அது, எந்த மாதிரிச் சிரிப்பு, அதைக் கேட்க வேண்டும், கேட்டால் மட்டும் பட்டாபிக்குத் தெரிந்திருக்குமா? பையன்கள் மறுபடி காசு போட்டிருக்க வேண்டும், எக்காளமும் முரசுமாக ஏதோ ஒன்று கூரையைத் தூக்கியது. வாசல் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு டிரைவர் மாசிலாமணி எட்டிப் பார்த்தான். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, இவர்களைப் பார்த்து, சற்று நீளமாகவே ஏதோ சொன்னான். சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தான். பிள்ளை பட்டாபியைப் பார்த்தார். பட்டாபி பிள்ளையைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும், ஒரே காலத்தில், தலையாட்டினார்கள்.